கூட வேலை பார்க்கும் தம்பிக்கு ஏடிஹெச்டி, நான் எப்படி உதவுவது?

வைகைக்கரை:
மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பக்கத்து மேசையில் ஒரு தம்பி, சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் டீக்கடையில் அவனாகவே சொன்னான், டாக்டர் பார்த்துவிட்டு ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஒன்றில் நிற்காமல் சிதறும் குறைபாடு என்று சொல்லியிருக்கிறாராம். "அண்ணே, யார்கிட்டயும் சொல்லிராதீங்க" என்றான்.

வேலை நன்றாகத் தெரிந்தவன். ஒரு ஜவுளிக்கடைக் கணக்கில் நாங்கள் மூன்று பேர் தேடியும் சிக்காத இரட்டைப் பதிவை டாலி என்ற கணக்கு மென்பொருளில் பத்து நிமிடத்தில் காட்டினான். ஆனால் பில் கட்டைப் பிரிப்பான், நடுவில் போன் வரும், எழுந்து போவான், திரும்பி வந்து வேறு ஃபைலை எடுத்து உட்கார்ந்துவிடுவான். பிரித்த கட்டு அப்படியே கிடக்கும், பக்கத்தில் ஆடை படிந்த டீ. மறக்கக் கூடாது என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்கிறான், மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினால் அதுவும் போய்விடுகிறது.

20ஆம் தேதிக்குள் போட வேண்டிய 3பி, அதாவது ஜிஎஸ்டி மாதக் கணக்கு, இரண்டு கிளையண்டுக்குத் தள்ளிப்போய், நாளுக்கு 50 ரூபாய் வீதம் லேட் ஃபீ விழுந்தது. ஓனர் எல்லோர் முன்னாலும் சோம்பேறி என்று திட்டினார், இவன் தலை நிமிரவே இல்லை. அன்றிலிருந்து நான் எட்டு மணி வரை இருந்து அவனுடைய வேலையையும் முடித்துக் கொடுக்கிறேன். இது சரியா?

கீழவாசல்காரி:
எனக்கும் இதேதான், 34 வயதில்தான் தெரிந்தது. அண்ணே, அவர் வேலையை நீங்கள் முடிக்காதீர்கள். எனக்கு ஒரு அக்கா அப்படிச் செய்தார், நல்ல மனசுதான், ஆனால் எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசும்.

வாயால் சொல்வது நிற்காது, எழுதிக் கொடுங்கள். "ஜவுளிக்கடை, கொள்முதல் பில் மட்டும், 12 மணிக்குள்" என்று ஒரு நேரத்தில் ஒன்று. போன் வந்து எழுந்திருக்கும் முன் எதுவரை முடித்தோம் என்று ஒரு சீட்டில் எழுதிக் கட்டின் மேல் வைக்கச் சொல்லுங்கள், எனக்கு இது ஒன்றே பாதி வேலையை மிச்சம் பண்ணியது. அப்புறம், பக்கத்தில் ஒருத்தர் பேசாமல் அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாலே எனக்கு ஓடும். ஆனால் எதுவானாலும் முதலில் அவரிடம் கேளுங்கள், எனக்குச் சரிப்பட்டது அவருக்கு ஒத்துவராமல் போகலாம்.

வடபழஞ்சி லீட்:
எல்காட் ஐடி பார்க்கில் டீம் பார்க்கிறேன். ஏடிஹெச்டி உள்ள பலருக்கு 20ஆம் தேதி என்பது 19ஆம் தேதி ராத்திரிதான் கண்ணில் படும். 18 என்று பொய்த் தேதி சொல்லிப் பார்த்தேன், தெரிந்ததும் என்மேல் நம்பிக்கை போனதுதான் மிச்சம். வேலையைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் குறியுங்கள். எல்லா கிளையண்ட் பெயரையும் ஒரே போர்டில் எழுதி ஆபீஸ் முழுக்க டிக் அடிக்கிற பழக்கம் வந்தால் இன்னும் நல்லது, அவரைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது.

மனநல நர்ஸ்:
சோம்பேறி என்ற வார்த்தையைக் கேட்டு மனசு வலிக்கிறது. இது 12 வயதுக்கு முன்பே தொடங்குவது. வகுப்பில் சத்தம் போடாத பிள்ளையாக இருந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிடித்த வேலையில் அப்படியே மூழ்குவதும், அலுத்த வேலையில் நழுவுவதும் இதில் உள்ளதுதான், அந்த இரட்டைப் பதிவைப் பிடித்ததும் அப்படித்தான். மருந்து பற்றி டாக்டர் பேசட்டும், நீங்கள் யோசனை சொல்ல வேண்டாம். ஓனரிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவர் முடிவு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 மாற்றுத்திறன் வகைகளில் இது தனியாக இல்லை, அதனால் சட்டத்தை நம்பி அவசரப்பட்டு யாரும் வாய் விடாதீர்கள். திட்டு வாங்கியதில் ரொம்ப உடைந்திருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நேரடியாகக் கேட்டேன். "வாசல் பக்கம் உட்கார்ந்தா யார் வந்தாலும் தலை திரும்புதுண்ணே" என்றான். ஒன்றரை வருடமாக அவன் உட்கார்ந்திருப்பது அங்கேதான், எனக்குத் தோன்றவே இல்லை. மேசையை மாற்றிக்கொண்டோம். நேற்றும் ஒரு கிளையண்டுக்குக் கூப்பிட மறந்துவிட்டான், ஆனால் சாயங்காலம் கட்டின் மேல் சீட்டு இருந்தது, "47ஆவது பில் வரை பார்த்தாச்சு" என்று. போர்டுக்கு நாளைக்கு ஓனரிடம் நானே கேட்கப் போகிறேன்.