கழற்றி மாட்டிய பிறகு யூஎஸ்பி அச்சுப்பொறியைக் கணினி அடையாளம் காணவில்லை: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி (பதிவர்: பேரேடு)

வணக்கம். வரிக் கணக்குகள் எழுதிக் கொடுக்கும் எங்கள் சிறிய அலுவலகத்தில் விண்டோஸ் 10 உள்ள மேசைக் கணினி ஒன்றும், அச்சிடுதல், நகலெடுத்தல், ஸ்கேன் செய்தல் ஆகிய மூன்றையும் செய்யும் லேசர் அச்சுப்பொறி ஒன்றும் இருக்கின்றன. அச்சுப்பொறியில் வைஃபை வசதி இல்லாததால் யூஎஸ்பி கேபிள் ஒன்றுதான் இரண்டையும் இணைக்கிறது. சுவருக்கு வண்ணம் பூசுவதற்காக மேசையை நகர்த்தியபோது எல்லாக் கேபிள்களையும் கழற்றி, வேலை முடிந்ததும் மீண்டும் மாட்டினோம். அன்றிலிருந்து கணினியிலிருந்து அச்சு வரவில்லை.

கேபிளை மாட்டும்போது கணினி வழக்கமான ஒலியை எழுப்புகிறது. ஆனால் அச்சுப்பொறியின் படக்குறி மங்கலாகி, அதனருகில் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறது. அனுப்பிய பக்கங்கள் வரிசையில் தேங்கி நிற்கின்றன. அச்சுப்பொறியிலுள்ள பொத்தானை அழுத்தினால் சோதனைப் பக்கம் தெளிவாக வருகிறது. பெட்டியுடன் வந்த குறுந்தகட்டைப் போட்டு மறுபடியும் நிறுவ முயன்றால், ‘இப்போது அச்சுப்பொறியை இணைக்கவும்’ என்னும் கட்டத்திலேயே நின்றுவிடுகிறது. புதிய கேபிள் வாங்க வேண்டுமா, டிரைவரை (அச்சுப்பொறியைக் கணினிக்குப் புரியவைக்கும் மென்பொருளை) நீக்க வேண்டுமா, அல்லது விண்டோஸையே மறுபடி நிறுவ வேண்டுமா என்று தெரியவில்லை. படிவங்களைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் நெருங்குவதால், எதிலிருந்து தொடங்குவது என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பதிவர்: செம்புக்கம்பி)

வணக்கம். கடைக்குப் போவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துச் சொல்லுங்கள். கேபிள் கணினியின் பின்புறத்தில் நேரடியாகச் செருகப்பட்டுள்ளதா, அல்லது யூஎஸ்பி ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் கருவி) ஒன்றின் வழியாகச் செல்கிறதா? மேசை இடம் மாறியதால் நீட்டிப்புக் கேபிள் எதையும் சேர்த்திருக்கிறீர்களா? யூஎஸ்பி 2.0 கேபிளின் நீளத்துக்கு 5 மீட்டர்தான் வரம்பு. சாதாரண நீட்டிப்புக் கேபிளைச் சேர்த்து அதைத் தாண்டினால், ஒலி மட்டும் வந்து வேலை நடக்காமல் போவது உண்டு.

அடுத்து, ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது சொடுக்கு செய்து டிவைஸ் மேனேஜரை (கணினியிலுள்ள சாதனங்களின் பட்டியலை) திறந்து, ‘யூனிவர்சல் சீரியல் பஸ் கண்ட்ரோலர்ஸ்’ என்ற பிரிவில் ‘யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்’ என்ற வரி இருக்கிறதா, அல்லது மஞ்சள் முக்கோணத்துடன் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்’ என்று ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமானது: அதே கேபிள் வழியாக ஸ்கேன் செய்ய முடிகிறதா?

பேரேடு எழுதியது

நன்றி ஐயா. ஹப்போ நீட்டிப்புக் கேபிளோ இல்லை. பழைய கேபிள்தான், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் இருக்கும். ‘யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்’ என்ற வரி இருக்கிறது, மஞ்சள் முக்கோணம் எதுவும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் ஸ்கேன் செய்து பார்த்தோம். அது எந்தத் தடையுமின்றி வேலை செய்கிறது. அச்சுப்பொறிகளின் பட்டியலில் அதே மாடல் பெயருடன் ‘காப்பி 1’ என்று முடியும் இன்னொரு படக்குறியும் இருக்கிறது. பின்புறத்தில் ஆறு துளைகள் இருப்பதால், முன்பு எதில் செருகியிருந்தது என்பது யாருக்கும் நினைவில்லை.

மறுமொழி 2 (பதிவர்: பழுதுநோக்கி)

ஸ்கேன் நடக்கிறது என்று சொன்னதுமே கேபிள், துளை, அச்சுப்பொறியின் யூஎஸ்பி பகுதி ஆகிய மூன்றும் சந்தேக வளையத்திலிருந்து வெளியேறிவிடுகின்றன. பல பணிகளைச் செய்யும் கருவி, கணினிக்கு ‘யூஎஸ்பி காம்போசிட் டிவைஸ்’ என்ற ஒரே சாதனமாகவே அறிமுகமாகிறது. அதனுள் ஸ்கேனருக்கு ஓர் இடைமுகமும் (தனித் தொடர்பு வழியும்) அச்சுக்கு மற்றோர் இடைமுகமும் இருக்கும். ஒன்று வேலை செய்யும்போது மற்றொன்றுக்கு மட்டும் கம்பி அறுந்திருக்க முடியாது. ஆகவே புதிய கேபிள் வேண்டாம். விண்டோஸை மறுபடி நிறுவுவதைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

உங்கள் சிக்கலை அந்த ‘காப்பி 1’ என்ற படக்குறியே சொல்லிவிட்டது. யூஎஸ்பி சாதனம் ஒவ்வொன்றும் செருகப்பட்டவுடன் தன் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் கணினிக்குத் தெரிவிக்கும். அவற்றுடன், அந்தக் குறிப்பிட்ட கருவிக்கே உரிய வரிசை எண்ணையும் தெரிவிக்கலாம். ஆனால் அது கட்டாயமில்லை. வரிசை எண்ணைத் தெரிவிக்கும் அச்சுப்பொறியை எந்தத் துளையில் செருகினாலும் விண்டோஸ் ‘இது நேற்றைய கருவியே’ என்று அறிந்துகொள்ளும். வரிசை எண் இல்லையென்றால், எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளது என்பதை வைத்தே அது அடையாளத்தை உருவாக்கிக்கொள்ளும். துளை மாறினால், வாடகை வீட்டை மாற்றியவரின் பழைய முகவரிக்கே கடிதங்கள் போய்க்கொண்டிருப்பது போன்ற நிலைதான். அதே அச்சுப்பொறி புதிய சாதனமாகப் பதிவாகி, அதற்கு யூஎஸ்பி002 அல்லது யூஎஸ்பி003 என்ற புதிய போர்ட்டும், ‘காப்பி 1’ என்ற புதிய படக்குறியும் உருவாகும். பழைய படக்குறியோ யாரும் இல்லாத யூஎஸ்பி001 என்ற போர்ட்டையே பார்த்துக்கொண்டு ‘ஆஃப்லைன்’ என்று நிற்கும். கணக்கு மென்பொருளுக்கு இயல்பு அச்சுப்பொறியாக அமைந்திருப்பது பழைய படக்குறியே என்பதால், அனுப்புவதெல்லாம் அங்கேயே தேங்கும்.

(இங்கே போர்ட் என்று நான் சொல்வது விண்டோஸ் தனக்குள் வைத்துக்கொள்ளும் பெயரை, கேபிள் நுழையும் இடத்தைத் துளை என்றே எழுதுகிறேன். இரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புபவர்கள் மிகப் பலர்.)

இதை உறுதி செய்ய வேண்டுமானால், டிவைஸ் மேனேஜரில் அச்சுப்பொறிக்கு உரிய ‘யூஎஸ்பி காம்போசிட் டிவைஸ்’ வரியின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, ‘டீட்டெய்ல்ஸ்’ பகுதியில் ‘டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் வருவது இடையிடையே ‘&’ குறி கொண்ட தொடராக இருந்தால், அது விண்டோஸ் தானாக உருவாக்கிய அடையாளம்; குறியின்றி எழுத்தும் எண்ணுமாக மட்டும் இருந்தால், அது கருவியின் வரிசை எண். காம்போசிட் வரியைத்தான் பார்க்க வேண்டும்; அதனுள் உள்ள ‘யூஎஸ்பி பிரிண்டிங் சப்போர்ட்’ வரியில் எப்போதும் ‘&’ இருக்கும் என்பதால், அதை வைத்து முடிவு செய்ய இயலாது.

கேபிளைப் பழைய துளைக்கே மாற்றிவிட்டால் பழைய படக்குறி தானாக உயிர்பெறும். ஆனால் எந்தத் துளை என்று தெரியாத நிலையில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்க வேண்டாம். வரிசை எண் தெரிவிக்காத கருவியாக இருந்தால், ஒவ்வொரு துளைக்கும் ‘காப்பி 2’, ‘காப்பி 3’ என்று படக்குறிகள் பெருகி, கடைசியில் எது உண்மையானது என்று நீங்களே தேட வேண்டியிருக்கும்.

அதற்குப் பதிலாகக் கேபிளை இப்போது இருக்கும் துளையிலேயே விட்டுவிட்டு, செட்டிங்ஸில் டிவைசஸ், அதில் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’ என்று சென்று பழைய அச்சுப்பொறியைத் தேர்ந்தெடுத்து, ‘மேனேஜ்’ என்பதையும் அடுத்து ‘பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்’ என்பதையும் சொடுக்குங்கள். ‘போர்ட்ஸ்’ பகுதியில் யூஎஸ்பி001 என்பதற்கு எதிரே சரிக்குறி இருக்கும். சற்றுக் கீழே ‘விர்ச்சுவல் பிரிண்டர் போர்ட் ஃபார் யூஎஸ்பி’ என்ற விளக்கத்துடன் இன்னொரு வரி இருக்கும். அதற்கு எதிரே ‘காப்பி 1’ என்ற பெயரும் தெரியும். சரிக்குறியை அந்த வரிக்கு மாற்றி ‘அப்ளை’ கொடுங்கள். ‘காப்பி 1’ படக்குறியையே இயல்பு அச்சுப்பொறியாக மாற்றினாலும் அச்சு வரும். ஆனால் தாள் அளவு, தட்டுத் தேர்வு, நெட்வொர்க்கில் பகிர்ந்த பெயர் போன்ற உங்கள் அமைப்புகளெல்லாம் பழைய படக்குறியில்தான் இருக்கின்றன. அதைக் காப்பாற்றுவதே நல்லது.

மறுமொழி 3 (பதிவர்: முழுச்சுத்தம்)

மேலே சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஒட்டுப்போடுவதைவிட, அச்சுப்பொறியையும் டிரைவரையும் முழுவதும் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுவதே என் வழக்கம். படக்குறிகளை நீக்கிய பின் ‘பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘டிரைவர்ஸ்’ பகுதிக்குச் சென்று, ‘ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். படக்குறியை மட்டும் நீக்கினால் டிரைவர் உள்ளேயே தங்கிவிடும் என்பது பலருக்குத் தெரியாது. டிரைவர் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி மறுத்தால், பிரிண்ட் ஸ்பூலர் (அச்சு வரிசையைக் கவனிக்கும் விண்டோஸ் பகுதி) சேவையை நிறுத்தித் தொடங்கிவிட்டு உடனே மறுபடியும் முயல வேண்டும்.

பழுதுநோக்கி எழுதியது

டிரைவர் சிதைந்திருந்தால் நீங்கள் சொல்வதே சரியான வழி. இங்கே டிரைவர் சிதைந்ததற்கு ஒரு தடயமும் இல்லை. அதோடு, குறுந்தகட்டின் நிறுவல் நிரல் இணைப்புக் கட்டத்தில் நிற்கிறது என்று கேள்வி கேட்டவரே எழுதியிருக்கிறார். அந்நிரல் பெரும்பாலும் புதிதாக ஒரு சாதனம் வந்து சேர்வதற்காகக் காத்திருக்கும். ஏற்கெனவே பதிவாகி உட்கார்ந்திருக்கும் கருவியை அது பொருட்படுத்தாமல் போகலாம். அந்த நிலையில் டிரைவரையும் நீக்கிவிட்டால், இப்போது நடக்கும் ஸ்கேனும் நின்றுபோகலாம். தாக்கல் நாள் நெருங்கும் வேளையில் அந்தப் பணயம் தேவையில்லை.

பேரேடு எழுதியது

போர்ட்டை மாற்றினோம். யூஎஸ்பி001 இல் இருந்த சரிக்குறியை யூஎஸ்பி003க்குக் கொண்டுசென்றதும் படக்குறி தெளிவாகி, ‘ரெடி’ என்று காட்டியது. ‘டிவைஸ் இன்ஸ்டன்ஸ் பாத்’ நீங்கள் சொன்னபடியே ‘&’ குறிகளுடன்தான் இருக்கிறது. ஆனால் வரிசையில் முதலில் நிற்கும் ஒரு ஆவணம் மட்டும் ‘டிலீட்டிங்’ என்று காட்டிக்கொண்டு நீங்காமல் இருக்கிறது; அதன் பின்னால் உள்ளவை நகரவில்லை. கணினியை அணைத்துப் போட்டும் அது போகவில்லை.

மறுமொழி 4 (பதிவர்: செம்புக்கம்பி)

அது ஸ்பூலரில் சிக்கிய கோப்பு. வரிசையில் உள்ளவை வன்வட்டில் கோப்புகளாகச் சேமிக்கப்படுவதால், கணினியை அணைத்தாலும் அவை அழிவதில்லை. ‘சர்வீசஸ்’ சாளரத்தில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ என்பதை ‘ஸ்டாப்’ செய்யுங்கள். பிறகு சி டிரைவில் விண்டோஸ், அதனுள் சிஸ்டம்32, அதனுள் ஸ்பூல், அதனுள் பிரிண்டர்ஸ் என்ற கோப்புறையைத் திறந்து, அதில் உள்ள கோப்புகளை மட்டும் நீக்குங்கள். கோப்புறையை நீக்கிவிட வேண்டாம். அதன் பின் சேவையை மீண்டும் ‘ஸ்டார்ட்’ செய்யலாம். தேங்கியிருந்த எல்லாமே அழிந்துவிடும் என்பதால், எவற்றை மறுபடி அனுப்ப வேண்டும் என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

அணைத்துப் போடுவது பற்றி ஒன்று: விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயங்கும் கணினிகளில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால் அடிப்படைப் பகுதி முழுவதுமாக அணைவதில்லை; அதன் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுபடி ஏற்றப்படுகிறது. யூஎஸ்பி சிக்கல்களில் ‘ரீஸ்டார்ட்’ கொடுப்பதுதான் உண்மையான மறுதொடக்கம்.

மறுமொழி 5 (பதிவர்: கோடு 43)

இந்த இழையிலேயே கேட்பதற்கு மன்னிக்கவும். என் மடிக்கணினியில் ‘போர்ட்ஸ்’ பட்டியலில் யூஎஸ்பி என்று தொடங்கும் வரியே இல்லை. டிவைஸ் மேனேஜரில் ‘அன்நோன் யூஎஸ்பி டிவைஸ், டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரிக்வெஸ்ட் ஃபெயில்டு’ என்றும், உள்ளே சென்றால் கோடு 43 என்றும் காட்டுகிறது. இங்கேயும் போர்ட்டை மாற்றுவதுதான் தீர்வா?

பழுதுநோக்கி எழுதியது

இல்லை. உங்கள் நிலை இதற்கு நேர்மாறானது. அந்தச் செய்தியின் பொருள், ‘நீ யார்’ என்று கணினி கேட்ட முதல் கேள்விக்கே கருவியிடமிருந்து ஒழுங்கான பதில் வரவில்லை என்பது. டிரைவரின் முறை அதற்குப் பிறகுதான் வரும்; ஆகையால் டிரைவரை எத்தனை தடவை நிறுவினாலும் பயனில்லை. அச்சுப்பொறியின் மின்கம்பியைச் சிறிது நேரம் பிடுங்கிவைத்து மீண்டும் போடுங்கள். ஹப் இருந்தால் நீக்குங்கள். வேறு கேபிளால் முயலுங்கள். அச்சுப்பொறியின் பக்கம் செல்லும் சதுர முனை தளர்ந்து ஆடுகிறதா என்றும் பாருங்கள். அதன் பின்னும் கோடு 43 வந்தால், அதே கேபிளுடன் அச்சுப்பொறியை வேறொரு கணினியில் இணைத்துப் பார்ப்பதுதான் அடுத்த சோதனை. வேறு கணினி இல்லையென்றால், பென்டிரைவிலிருந்து லினக்ஸ் என்னும் வேறு இயங்குதளத்தை இயக்கி, முனையத்தில் (கட்டளை எழுதும் சாளரத்தில்) இணைந்துள்ள யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்யூஎஸ்பி’ (lsusb) கட்டளையைக் கொடுங்கள். அங்கும் பெயர் வராவிட்டால் பிழை விண்டோஸில் இல்லை. பெயர் வந்தால், மடிக்கணினியின் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ வரியில் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதிக்குச் சென்று, மின்சாரம் சேமிக்கச் சாதனத்தை அணைக்கும் அனுமதியை எடுத்துவிட்டுப் பாருங்கள்.

பட்டியலில் யூஎஸ்பி போர்ட்டே காணாமல் போவதற்கு, முன்னொரு சமயத்தில் வேறொரு காரணமும் இருந்தது. விண்டோஸ் 10 அணைந்திருந்தபோது அச்சுப்பொறியைக் கழற்றியிருந்தாலோ அணைத்திருந்தாலோ, அடுத்த முறை இயங்கும்போது அந்தப் போர்ட் பட்டியலில் இல்லாமல் போகும் குறையை மைக்ரோசாஃப்ட் 2020 ஜூனில் ஒப்புக்கொண்டு, பிந்தைய புதுப்பிப்புகளில் சரிசெய்தது. அந்தக் காலத்து விண்டோஸ் 10ஐப் புதுப்பிக்காமலே வைத்திருப்பவர்கள், அச்சுப்பொறியை முதலில் இயக்கிவிட்டுக் கணினியைத் தொடங்கினால் போர்ட் திரும்ப வரும். கோடு 43 காட்டும் உங்கள் கணினிக்கு அது பொருந்தாது.

பேரேடு எழுதியது

ஸ்பூலர் கோப்புகளை நீக்கியதும் அச்சு வரத் தொடங்கிவிட்டது, படிவங்களையும் எடுத்துவிட்டோம். இருவருக்கும் நன்றி. ‘காப்பி 1’ படக்குறியை இப்போது நீக்கிவிடலாமா?

பழுதுநோக்கி எழுதியது

தாக்கல் வேலை முடியும்வரை அதை அப்படியே விட்டுவையுங்கள். இரண்டு படக்குறிகளும் இப்போது யூஎஸ்பி003ஐயே பயன்படுத்துகின்றன. ஒன்றை நீக்கும்போது விண்டோஸ் சாதனத்தையே நீக்க முற்பட்டால் மறுபடியும் இதே அலைச்சல். குழப்பமாக இருந்தால் அதன் பெயரை ‘பயன்படுத்த வேண்டாம்’ என்று மாற்றிவைக்கலாம். அதே செட்டிங்ஸ் பக்கத்தில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்ற தேர்வு இயங்கிக்கொண்டிருந்தால் அதை எடுத்துவிட்டு, பழைய படக்குறியை நீங்களே இயல்பு அச்சுப்பொறியாக அமையுங்கள். இல்லையென்றால் கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறிக்கு விண்டோஸ் தானாகவே மாறிக்கொள்ளும். கேபிள் இப்போது இருக்கும் துளையின் பக்கத்தில் சிறு ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள்.