முக்காடா, திரையா, முகத்திரையா?

புரசை வாசகி:
ஒரு ஆங்கிலச் சிறுகதையைச் சென்னைக்கு மாற்றித் தமிழாக்குகிறேன். சாந்தோமில் திருமணம். மணப்பெண் தலையில் போடும் நெட், கோயில் சன்னதித் திரை, மனத்தை மறைக்கும் மாயை, மூன்றுக்கும் மூலத்தில் ‘veil’ என்ற ஒரே சொல்தான். எல்லா இடத்திலும் ‘முகத்திரை’ என்று வைக்கலாமா?

சொல்லேர்:
வேண்டாம். முக்காடு தலையில் போடுவது, திரை கம்பியில் தொங்குவது. ‘திரை விலகியது’ என்றால் உண்மை தெரிந்தது என்றும் பொருள். ‘முக்காடு விலகியது’ என்றால் துணி சரிந்தது, அவ்வளவுதான். ‘முகத்திரை’ என்றதும் ‘கிழித்தல்’ நினைவுக்கு வந்துவிடும். மணப்பெண் ஏதோ மோசடிக்காரி போல ஆகிவிடுவாள். முக்காட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. உருவகமாக வந்தால் அது வெட்கத்தையும் ஒளிவையும் சுட்டும்: ‘முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு?’ அதனால் உரையாடலில் ‘நெட்’ என்றே விடுங்கள், விவரிப்பில் ‘மெல்லிய வலைத்துணி’ போதும்.

பாரிமுனை:
தமிழ் பைபிள் இதை அழகாகப் பிரித்திருக்கிறது. மோசே முகத்தில் போட்டது ‘முக்காடு’. எருசலேம் ஆலயத்தில் மேலிருந்து கீழ்வரை இரண்டாகக் கிழிந்தது ‘திரைச்சீலை’. கிரேக்க மூலத்திலும் இரண்டும் வேறு வேறு சொற்கள்.

ஏழுகிணறு:
மாயைக்குத் ‘திரை’தான் பொருத்தம். ஏழுகிணற்றில் வாழ்ந்த வள்ளலார் வடலூர் சத்திய ஞான சபையில் அதைத் துணியாகவே தொங்கவிட்டார். கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெண்மை, கலப்பு என ஏழு. கருப்புத் திரை மாயாசக்தி. ஏழும் விலகினால் சோதி தெரியும். மாதப் பூசத்தில் ஆறு திரைதான் விலக்குவார்கள். ஏழும் விலகுவது தைப்பூசத்தில்தான்.
இன்னொன்று. சைவ சித்தாந்தத்தில் மறைத்தலும் இறைவனின் ஐந்தொழில்களில் ஒன்று. உயிர் பக்குவப்படும்வரை மறைப்பதும் அருளே என்பார்கள். உங்கள் கதையில் திரை பகையா, துணையா என்று முதலில் பாருங்கள். பகையென்றால் ‘கிழிந்தது’, துணையென்றால் ‘விலகியது’.

புரசை வாசகி:
துணைதான். ‘விலகியது’ என்றே வைக்கிறேன். ‘திரை’ என்றால் அலை, தோல் சுருக்கம் என்றும் பொருள் உண்டே, குழப்பாதா?

சொல்லேர்:
பக்கத்தில் கடலோ நரையோ வராத வரை குழப்பாது. சாந்தோம் என்பதால் கடற்கரைக் காட்சி இருந்தால் அங்கே மட்டும் ‘அலை’ என்றே எழுதுங்கள்.