புத்துப்பட்டு அய்யனார் காட்டுக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குப் போய்வந்தேன். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு, கனகசெட்டிக்குளம் தாண்டியதும் விழுப்புரம் மாவட்டம் வந்துவிடும். அங்கேதான் இறங்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்தச் சாலையில் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன். மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயில் என்று பெயர் தெரியும், அதோடு சரி. கோயிலைச் சுற்றி ஒரு காடு இருக்கிறது என்பது மண்டையில் ஏறவே இல்லை.

உண்மையைச் சொன்னால் முதல் கால் மணி நேரம் ஏமாற்றம்தான். காடு என்றதும் மனசுக்குள் முதுமலை ஓடிக்கொண்டிருந்தது. இங்கே மரங்கள் அண்ணாந்து பார்க்கிற உயரமில்லை. எல்லாம் நெருக்கமாக, கோணல்மாணலாக, கொடிகள் சுற்றி நின்றன. வந்துபோகிறவர்கள் போட்ட பிளாஸ்டிக் டம்ளர்கள் ஓரத்தில் கிடந்தன. சாலையிலிருந்து ஹாரன் சத்தம் வேறு. ஒற்றையடிப் பாதையில் விறுவிறுவென்று நடந்தேன். பத்து நிமிஷத்தில் எதிரே வெளிச்சம் தெரிந்தது. காடு முடிந்துவிட்டது. இதற்கா நாலு மணிக்கு எழுந்தோம் என்று இருந்தது.

திரும்பி வரும்போது சட்டைக் கையை ஒரு சூரைச்செடி பிடித்துக்கொண்டது. சூரைமுள் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது பின்பக்கமாக வளைந்த முள். முன்னால் இழுத்தால் இன்னும் உள்ளே போகும். ஓரடி பின்வாங்கி, ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். கழற்றிக்கொண்டு ஒரே இடத்தில் நாலைந்து நிமிஷம் நின்றேன். நான் அன்றைக்குப் பார்த்ததெல்லாம் அதற்கப்புறம்தான்.

முதலில் முசுறு. கண்ணுக்கு நேராக ஒரு கிளையில் இரண்டு இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஒரு வரிசை எறும்புகள் ஓர் இலையின் விளிம்பில் காலை ஊன்றி, அடுத்த இலையின் விளிம்பை வாயால் கவ்வி இழுத்துப் பிடித்திருந்தன. கொஞ்சங்கூட அசையவில்லை. உள்பக்கமிருந்து இன்னோர் எறும்பு வாயில் வெள்ளையாக எதையோ தூக்கிக்கொண்டு வந்தது. அதன் சொந்தப் புழு. இந்த இலையில் ஒரு தொடல், அந்த இலையில் ஒரு தொடல் என்று தறியில் நாடா போவது மாதிரி போய்ப் போய் வந்தது. பட்டு நூல் அந்தப் புழுவின் வாயிலிருந்துதான் வருகிறது, பெரிய எறும்புக்கு நூல் கிடையாது. படித்திருக்கிறேன், பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்புறம் சருகு புரளும் சத்தம். ஓணான் என்றுதான் நினைத்தேன். பத்தடி தள்ளி, வாலே இல்லாதது போல ஒரு குண்டுக் குருவி. முதுகு பச்சை, நெஞ்சு சந்தன நிறம், கண்ணுக்குக் குறுக்கே மை இழுத்த மாதிரி கறுப்புப் பட்டை, இறக்கையில் நீலம், வாலடியில் சிவப்பு. ஆறுமணிக் குருவி! தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். ஒரு சருகை அலகால் தூக்கி எறிந்தது, தலையைச் சாய்த்து நின்றது, அடுத்த சருகு. ஏதோ ஒரு புழுவை இழுத்து விழுங்கிவிட்டு இரண்டு தத்தல், மறுபடி சருகு. ஐந்து நிமிஷம் நானும் அதுவும் மட்டும்.

அது போன பிறகு அந்த இடத்தில் உட்கார்ந்து சருகுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மேலடுக்கு அப்பளம் மாதிரி நொறுங்கியது. நாலு விரல் ஆழத்தில் ஈரம், வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை நூல், மழை பெய்து முடிந்த வாசனை. இந்தக் கடற்கரைக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடுகிறது. தை பிறந்தால் மாதக் கணக்கில் வறட்சிதான். மற்ற ஊர் மரங்கள் என்றால் இலையைக் கொட்டிவிடும். இங்கே இருக்கிற காசான், பாலை எல்லாம் தோல் மாதிரி தடித்த, மினுமினுக்கிற இலையை வைத்துக்கொண்டு வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கின்றன. நிழல் போகாததால் கீழே ஈரமும் சீக்கிரம் போவதில்லை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வருகிற குருவிக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டால், இந்த நாலு விரல் ஈரத்தைத்தான் காட்ட வேண்டும்.

நீங்கள் யாராவது போயிருக்கிறீர்களா? என்ன பார்த்தீர்கள், எந்த மாதம் என்று எழுதுங்கள். வேறு கோயில் காடு என்றாலும் பரவாயில்லை.

*

ஆறுமணிக் குருவி எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கே வந்தது! புரட்டாசிக் கடைசி. காலையில் துணி காயப்போடப் போனால் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கையில் எடுத்தும் பறக்கவில்லை. ராத்திரியில் பறந்து வந்து களைத்துப்போய் இப்படி ஊருக்குள் விழுவது வழக்கம்தானாம், பறவை பார்க்கிற நண்பர் போனில் சொன்னார். தண்ணீரை வாயில் ஊற்றாதே, அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு இருட்டில் வை, யாரும் எட்டிப் பார்க்காதீர்கள் என்றார். என் பெண் பத்து தடவை எட்டிப் பார்த்தாள், அது வேறு கதை. சாயந்திரம் தோட்டத்தில் பெட்டியைத் திறந்து வைத்தோம். ஒரு நிமிஷம் அப்படியே இருந்தது, அப்புறம் விருட்டென்று வேலிக்குள். அடுத்த நாள் சரியாக விளக்கு வைக்கிற நேரத்துக்கு வேலிப் பக்கமிருந்து இரண்டு தடவை விசில். அதேதானா என்று எப்படிச் சொல்வது? வீட்டில் எல்லாரும் அதேதான் என்று முடிவு செய்துவிட்டோம்.

*

எங்கள் அம்மா ஊருக்குப் பக்கத்திலும் ஒரு அய்யனார் காடு உண்டு. புத்துப்பட்டு அளவுக்குப் பெரிதில்லை. பொங்கலுக்குப் போயிருந்தபோது பையனைக் கூட்டிக்கொண்டு போனேன், ஏழு வயது. நான் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அவன் கையில் ஆரஞ்சுப் பழம். ஆரஞ்சு மாதிரியே உருண்டையாக, பளபளவென்று. முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான்.

கோயில் திண்ணையிலிருந்து ஒரு பாட்டி போட்ட சத்தத்தில் நானே நடுங்கிவிட்டேன். "ஏ தம்பி, அதைக் கீழ போடு! எட்டிடா அது, எட்டி!"

எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன என்று பள்ளிக்கூடத்தில் எத்தனை தடவை எழுதியிருப்போம். பழம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பாட்டி ஒரு பழத்தைக் கல்லால் உடைத்துக் காட்டினார். உள்ளே வழவழவென்று சதை, அதற்குள் சட்டைப் பொத்தான் மாதிரி தட்டையான கொட்டைகள், சாம்பல் நிறத்தில் மெத்தென்று மினுங்குகின்றன. அந்தக் கொட்டையில்தான் விஷம். "இருவாச்சி தின்னும், வவ்வா தின்னும், நாம திங்கக் கூடாது" என்றார். இருவாச்சி அந்தப் பக்கம் ஏது, யாரிடம் கேட்டாரோ. ஆனால் வேறு எதையும் பறிக்காதே என்று அவர் சொன்ன விதத்தில் பையன் ஊர் வந்து சேரும் வரை கையைக் கட்டிக்கொண்டே வந்தான். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அழகாக இருப்பதை முதலில் வாயில் வைக்கிற வயசு.

*

நான் படித்த காலத்தில் நண்பன் ஒருவனின் ஆராய்ச்சிக்கு எடுபிடியாக இந்த மாதிரிக் காடுகளில் மரம் அளக்கப் போயிருக்கிறேன். காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1990களிலிருந்தே இந்தக் கரையோரக் கோயில் காடுகளில் மரங்களுக்கு எண் போட்டு அளந்து வருகிறார்கள். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவு எடுக்க வேண்டும். கேட்க சுலபம். காசான் மரம் அடியிலேயே ஆறாகப் பிரிந்து நிற்கும், அதன்மேல் தொடை பருமனில் கொடி முறுக்கிக்கொண்டிருக்கும். எது மரம், எது கொடி என்று பார்ப்பதற்கே பாதி நாள் போய்விடும்.

இரண்டு வருஷம் கழித்து அதே மரங்களை அளக்கப் போனோம். சில மரங்கள் சுற்றளவில் குறைந்திருந்தன! "நீ இறுக்கிப் பிடிக்கிறே", "நீ அப்போ தளர்த்திப் பிடிச்சே" என்று அங்கேயே சண்டை. வேறொன்றுமில்லை, மரம் வளர்ந்த அளவு எங்கள் கைப்பிழையைவிடக் குறைவு. அவ்வளவு நிதானமாகப் பருக்கிற மரங்கள் அவை. மணிக்கட்டு பருமனில் ஒரு தண்டைப் பார்த்துச் சின்னக் கன்று என்று நினைக்காதீர்கள், உங்களைவிட மூத்ததாக இருக்கலாம்.

அளக்கும்போது ஒரு நாள் கண் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கொம்பை ஒதுக்கக் கை வைக்கப் போனேன். காற்றில்லை, கொம்பு மட்டும் ஆடுகிறது. பச்சைப் பாம்பு. கண்கொத்திப் பாம்பு என்பார்களே, அதேதான். கண்ணில் பாவை படுக்கைவாட்டில், சாவித் துவாரம் மாதிரி இருக்கும். அது கண்ணைக் கொத்துவதில்லை. பல்லிக்குத்தான் அந்த விஷம் வேலை செய்யும், மனுஷனுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். தெரிந்தும் நாடாவைப் போட்டுவிட்டு ஓடினேன்.

*

நான் இலங்கையில், வன்னியில் வளர்ந்தவன், இப்ப வெளிநாட்டில் இருக்கிறேன். கீழ்புத்துப்பட்டில் எங்கட ஆக்கள் இருக்கிற முகாம் ஒன்று உண்டு, தெரிந்திருக்கும். இரண்டு வருஷத்துக்கு முதல் அங்கே சொந்தக்காரரைப் பார்க்க வந்தபோது, பின்நேரம் சித்தப்பா அய்யனார் கோயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வைகாசி மாதம், சரியான வெக்கை.

கோயிலில் கும்பிட்டுவிட்டு மரத்தடியில் நின்றால், கீழே மஞ்சள் மஞ்சளாகச் சின்னப் பழம் கொட்டிக் கிடக்கிறது. குனிந்து ஒன்றை எடுத்தேன். பாலைப்பழம்! நான் முப்பது வருஷமாக அதைக் காணவில்லை. சின்ன வயதில் வாளியோடு காட்டுக்குப் போய்ப் பொறுக்கி வருவோம். கனக்கச் சாப்பிட்டால் உதடு இரண்டும் பசை மாதிரி ஒட்டும், வீட்டில் அம்மம்மா தேங்காய் எண்ணெய் பூசிவிடுவா. சாப்பிட்டுப் பார்த்தேன். உதடு ஒட்டியது.

சித்தப்பா, "உள்ளுக்குள்ள பார், வீரையும் நிக்குது" என்றார். பிறகு இரண்டு பேரும் மரம் மரமாகப் பேர் சொல்லிக்கொண்டு நடந்தோம். பாலை, வீரை, நாவல், கருங்காலி. எங்கட காட்டில் நிற்கிற அதே மரங்கள், அதே பேர்கள். அவர் 1990இல் வந்தவர். முதல் வருஷங்களில் மனம் சரியில்லாத நேரமெல்லாம் இந்த மரத்தடிக்கு வந்து இருந்துவிட்டுப் போவாராம். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

*

காட்டோடு திரும்பிவிடாதீர்கள். அப்படியே வடக்கே மரக்காணம் பக்கம் போய் மேற்கே திரும்பினால் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள், 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மழை முடிந்து மாசி வரைக்கும் நல்ல நேரம்: பூநாரை, ஊசிவால் வாத்து. வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள், பிறகு கானல்தான் தெரியும். மரக்காணம் உப்பளங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

தெற்கே ஆரோவில் இருக்கிறது. 1968இல் அது தொடங்கியபோது அந்த மேடு வெறும் செம்மண் பொட்டல், மழை பெய்தால் மண் கடலுக்குப் போகும். இப்போதுள்ள காட்டை வளர்த்தவர்கள் நாட்டு மரங்களுக்கு விதை தேடி இந்த மாதிரிக் கோயில் காடுகளுக்குத்தான் வந்தார்கள். வேறெங்கும் தாய்மரம் அதிகம் மிஞ்சவில்லை.

*

முதலில் எழுதியவன்தான். எல்லாவற்றையும் படித்துவிட்டுப் போன வாரம் மறுபடி போனேன், சித்திரை. குருவி வடக்கே கிளம்பிவிட்டது போல, சத்தமே இல்லை. ஆனால் காசான் பூத்திருக்கிறது! இலைக்கு நடுவில் தேடாதீர்கள், கிளையையே கட்டிக்கொண்டு கொத்துக்கொத்தாக நீலம். காயாம்பூ வண்ணன் என்று பாட்டில் வருகிற காயா இதுதான் என்று வீட்டுக்கு வந்து பார்த்தபிறகுதான் தெரிந்தது. மேகமும் இல்லை கடலும் இல்லை, மயில் கழுத்தில் ஊதா கலந்த மாதிரி ஒரு நிறம். போட்டோவில் அது வரவில்லை, மூன்று தடவை எடுத்துப் பார்த்தேன்.

இந்தத் தடவை நடக்கவே இல்லை, வந்ததும் ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அது முசுறு ஏறுகிற மரம். கழுத்தில் நாலு, காதுக்குப் பின்னால் ஒன்று. இன்னும் அரிக்கிறது.