புதுப்பிப்பு: இறங்கும் விமானத்தின் தரைவேகம், இந்த முறை சரியாக வந்தது

மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தை இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்து, தரைவேகம் (தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகம்) 180 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர்) என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது தப்பு. விமானம் கட்டடங்களைவிட எனக்குப் பக்கத்தில் பறந்தது. நான் கணக்கில் எடுத்ததோ கட்டடங்களுக்கு இடையிலான தூரம்.

இப்போது விமானத்தையே அளவுகோலாக்கிவிட்டேன். இறங்கியது ஏர்பஸ் ஏ320 விமானம், அதன் நீளம் 37.57 மீட்டர். போனை ஆடாமல் நிறுத்தி, நொடிக்கு 120 ஃபிரேமில் வீடியோ எடுத்தேன். மூக்கு மின்கம்பத்தைத் தொட்டதிலிருந்து வால் தாண்டும்வரை 68 ஃபிரேம். அதாவது 0.567 நொடி, மணிக்கு 239 கிலோமீட்டர், கிட்டத்தட்ட 129 நாட். விமானம் எவ்வளவு தள்ளிப் பறக்கிறது என்ற கவலையே வேண்டாம்!

விமானங்களின் வேகத்தைக் காட்டும் டிராக்கிங் ஆப் 130 நாட் காட்டியது. மொட்டைமாடியில் நின்று கத்திவிட்டேன். சாயங்காலக் கடற்காற்றை எதிர்த்து இறங்கியதால் காற்றுவேகம் (காற்றைப் பொறுத்து விமானத்தின் வேகம்) இதைவிடக் கூடுதலாகவே இருந்திருக்கும். அப்புறம், 30 ஃபிரேமில் எடுக்காதீர்கள். ஒரு ஃபிரேம் பிசகினாலே 7, 8 நாட் போய்விடும்.