லீடர் முடிச்சு ஸ்பூலின் மேலா, நுனி வளையத்துக்கு வெளியிலா?

கரைவீச்சு:
நெடுங்கோல் அவர்கள் அண்மையில் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. கடற்கரையில் லூர் (செயற்கை இரை) வீசுபவர் எவராக இருந்தாலும் லீடர், அதாவது முதன்மை நரம்பின் முனையில் லூருக்கு முன் கட்டும் தடித்த நரம்பு, கோலின் நீளத்தைப் போல் இரு மடங்கு (பத்து அடிக் கோலுக்கு ஆறு மீட்டர்) இருக்க வேண்டும், இரண்டையும் இணைக்கும் முடிச்சு ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் ஸ்பூலின் மேல் நான்கைந்து சுற்றாவது சுற்றிக் கிடக்க வேண்டும், ஒரு மீட்டர் லீடர் கட்டுபவர்கள் குளத்தங்கரையோடு நின்றுகொள்ளட்டும் என்று அவர் தீர்ப்பே வழங்கியிருக்கிறார். இதை நம்பிப் புதிதாக வருபவர்கள் ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சைக் கோலின் வளையங்களில் மோதவிட்டு, தூரம் போகவில்லை என்று கோலைக் குறை சொல்லப்போகிறார்கள். அந்த நீண்ட லீடர் 150 கிராம் ஈயத்தை இரையோடு தூக்கி எறிபவர்களுக்கு உரியது. 30 கிராம் லூருக்கு அது எதற்கு? லீடர் ஒரு மீட்டர் இருந்தால் போதும். முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே நிற்க வேண்டும்.

நெடுங்கோல்:
என் குறிப்பை முழுவதும் படிக்காமல் எழுதுவது கரைவீச்சு அவர்களுக்குப் புதிதன்று. நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முதன்மை நரம்பாக இருக்கும் பிரெய்டு (பின்னல் நரம்பு) இரண்டாம் எண்ணின் தடிமன் 0.235 மில்லிமீட்டர். கோலை முழு விசையோடு முன்னே இழுக்கும் கணத்தில் லூரின் பாரம் முழுவதையும் ஆட்காட்டி விரலின் நுனித்தோல்தான் தாங்குகிறது. உப்புநீரில் ஊறிய விரலில் அந்த நரம்பு கத்தியைப் போல் இறங்கும். முடிச்சு ஸ்பூலில் இருந்தால் விரலுக்கு அடியில் இருப்பது தடித்த லீடர். விரலும் பிழைக்கும், வீச்சும் அஞ்சாமல் வரும். பிரெய்டை லீடரின் மேல் பின்னிக் கட்டும் மெல்லிய எஃப்ஜி முடிச்சை ஒழுங்காகக் கட்டத் தெரிந்தவருக்கு அது வளையத்தில் தட்டுவதே தெரியாது. தெரியாதவர்கள்தான் ஒரு மீட்டரோடு நிறுத்திக்கொண்டு அதையே கொள்கையாக அறிவிக்கிறார்கள்.

ஈயக்குண்டு:
நெடுங்கோல் சொல்வதே சரி. ஓர் அவுன்ஸ் எடைக்குப் பத்து பவுண்டு வலிமை என்பது கரையிலிருந்து வீசுபவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. ஐந்து அவுன்ஸ் ஈயம், அதாவது ஏறத்தாழ 142 கிராம், வீச வேண்டுமானால் ஐம்பது பவுண்டு லீடர் வேண்டும். நரம்பு அறுந்து பறக்கும் ஈயம் அருகில் நிற்பவரின் உயிரையே எடுக்கும். பாதுகாப்பில் சிக்கனம் பார்ப்பவரோடு ஒரே கரையில் நிற்க எனக்கு விருப்பம் இல்லை.

கரைவீச்சு:
ஈயக்குண்டு அவர்களே, நீங்கள் கொண்டுவந்த கணக்கையே எடுத்துக்கொள்வோம். 30 கிராம் என்பது ஓர் அவுன்ஸைவிடச் சற்றே மிகுதி. உங்கள் விதிப்படி அதற்குப் பதினொரு பவுண்டு போதும். ஸ்பூலில் இருக்கும் பிரெய்டே முப்பது பவுண்டு தாங்கும்போது, வீச்சின் அதிர்ச்சியைத் தாங்க இன்னொரு நரம்பு எதற்கு? லூர் வீசும்போது நரம்பு அறுவது பெரும்பாலும் வேறு காரணங்களால்: பெயில் (நரம்பை ஸ்பூலில் சுற்றிவிடும் வளைகம்பி) நடுவீச்சில் தானாக மூடிக்கொள்கிறது, அல்லது தளர்வாகச் சுற்றிய பிரெய்டு ஸ்பூலில் முடிச்சிட்டுக்கொள்கிறது. இரண்டுக்கும் ஆறு மீட்டர் லீடர் மருந்தாகாது. சொல்லப்போனால் ஸ்பூலின் மேல் கிடக்கும் தடித்த லீடரும் அதன் முடிச்சும்தான் பின்னால் விரைந்து வரும் பிரெய்டின் சுருளைப் பிடித்து இழுத்துச் சிக்கலை உண்டாக்குகின்றன. நரம்பு விரலை வெட்டாமல் இருக்க ஒற்றை விரல் உறை இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டால் முடிந்தது.

நுரைக்கோடு:
நீங்கள் இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றி வாதிடுவதாகத் தோன்றுகிறது. எறியும்போது ஏற்படும் அதிர்ச்சியைத் தாங்கும் நீண்ட நரம்பு ஒன்று. மீனின் பல்லிலிருந்தும் சிப்பியின் விளிம்பிலிருந்தும் காக்கும் குறுகிய நரம்பு மற்றொன்று. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் முடிவு செய்துகொண்டால் பாதி வாதம் தேவைப்படாது.

நெடுங்கோல்:
வகுப்பு எடுப்பதற்கு வேறு விவாத இழை இருக்கிறது, நுரைக்கோடு. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: முடிச்சு எங்கே நிற்க வேண்டும்? ஸ்பூலில்தான் நிற்க வேண்டும். விரல் உறை போட்ட கைக்கு நரம்பு எந்தக் கணத்தில் விடுபடுகிறது என்ற உணர்வே கிடைக்காது. உணர்வில்லாமல் வீசினால் லூர் இடப்பக்கம் நிற்பவரின் தலைக்கு மேல் போகும். மேலும், லீடரின் முனை சிப்பியில் உரசித் தேயும்போதெல்லாம் ஒரு சாண் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுகிறோம். ஒரு மீட்டர் லீடர் ஒரே காலையில் அரை மீட்டர் ஆகிவிடும். ஆறு மீட்டர் என்றால் வெட்ட வெட்ட மிச்சம் இருக்கும்.

கரைவீச்சு:
இந்த வாதத்தை எழுதுமுன் நெடுங்கோல் ஓர் அளவுநாடாவை எடுத்திருக்கலாம். பத்து அடிக் கோலில் ரீலிலிருந்து நுனி வளையம் வரை ஏறக்குறைய 2.3 மீட்டர். நுனிக்குக் கீழே லூர் தொங்குவதற்கு 0.9 மீட்டர். ஸ்பூலின் சுற்றளவு 17 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால் ஐந்து சுற்றுக்கு 0.85 மீட்டர். மொத்தம் நான்கு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆகவே அவருடைய சொந்த நோக்கத்துக்கே ஆறு மீட்டர் தேவையில்லை. சரி, மிச்சம் இருப்பது வெட்டுவதற்கு என்கிறார். வெட்டி வெட்டி அது மூன்று மீட்டருக்கு வரும்போது முடிச்சு எங்கே நிற்கும் என்று அவர் எண்ணிப் பார்த்தாரா? ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே! ஒவ்வொரு வீச்சிலும் அது அத்தனை வளையங்களிலும் மோதிக்கொண்டே வெளியேற வேண்டும். நுனிப்பக்கத்துச் சிறு வளையங்களில் அரை மில்லிமீட்டர் லீடரும் அதன் முடிச்சும் தட்டுகிற ஓசை கோலைப் பிடித்திருக்கும் கைக்குள்ளேயே தெரியும். முடிச்சு நிற்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அதுதான். என் ஒரு மீட்டர் லீடர் அரை மீட்டரானால் அவிழ்த்துவிட்டு வேறொன்று கட்டுவேன். முடிச்சு எப்போதும் வெளியேதான் இருக்கும்.

சிற்றலை:
முடிச்சைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, லூரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கரைக்கும் முதல் மணல்திட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில்தான் பல நாட்களில் மீன் மேய்கிறது. அது சில வேளைகளில் இருபது மீட்டர் தூரத்திலேயே இருக்கும். அலை உடைந்து வெண்ணுரை பரவும் இடத்துக்கும் தெளிந்த நீருக்கும் இடையிலுள்ள விளிம்பில், மூழ்கும் மின்னோ (சிறுமீன் வடிவ லூர்) ஒன்றை மெதுவாகச் சுற்றினால் தூரமே தேவையில்லை. எதிர்க்காற்று அடித்தால் மட்டும் மெட்டல் ஜிக் என்னும் கனத்த உலோக லூர். அது தொலைவு போகும். ஆனால் சுற்றுவதைச் சற்று நிறுத்தினாலும் அடி மணலில் போய்ப் படுத்துவிடும்.

நெடுங்கோல்:
மின்னோவைப் பற்றிச் சிற்றலை பேசுவது வியப்பளிக்கிறது. முன்பு ஒருமுறை, மும்முனை முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் மாட்டச் சொல்லி எத்தனையோ பேரின் லூர்களைக் கெடுத்தவர் அவர்தாம். ஒற்றை முள் மாட்டினால் மின்னோவின் ஆட்டமே மாறிவிடும் என்று நான் அப்போதே சொன்னேன்.

சிற்றலை:
கழற்றிய முள்ளின் எடைக்கு ஈடான ஒற்றை முள்ளை மாட்ட வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். அந்த வரியை நீங்கள் அன்றும் படிக்கவில்லை, இன்றும் படிக்கவில்லை. எடை குறைந்த முள்ளை மாட்டினால் லூர் அளவுக்கு மீறி மிதந்து புரளும். எடை ஒத்திருந்தால் ஆட்டம் கெடாது. நுரைக்குள் மீனின் வாயிலிருந்து முள்ளை எடுக்கும்போது அலை ஒன்று வந்து மோதினால், மும்முனை முள்ளின் மற்ற இரண்டு முனைகள் எங்கே பாயும் என்று கை இருக்கிறவர்கள் எண்ணிப் பார்க்கட்டும்.

ஈயக்குண்டு:
மும்முனை முள்ளுக்குப் பயப்படுபவர்கள் கடலுக்கு வர வேண்டாம். ரீலைப் பாதுகாக்கத் தெரியாதவர்களும் இங்கே அறிவுரை சொல்கிறார்கள். வீடு திரும்பியதும் ரீலின் மேல் குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சி அடித்தால்தான் உப்பு முழுவதும் போகும்.

கரைவீச்சு:
அப்படிப் பீய்ச்சினால் உப்பு போகாது, பேரிங்குக்குள் புகும். டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடியை) இறுக்கிவிட்டு மெல்லிய நீரோட்டத்தில் அலச வேண்டும் என்பதை ரீல் வைத்திருக்கும் யாரும் அறிவார்கள். இதையும் தவறாகச் சொல்லிவிட்டு, பாதுகாப்பைப் பற்றி எனக்குப் பாடம் நடத்துகிறார். பேச்சு முடிச்சுக்குத் திரும்பட்டும். முடிச்சு வெளியே நிற்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. நீர்மேல் துப்பிக்கொண்டு வரும் மிதக்கும் லூரான பாப்பருக்கு நைலான் லீடரும் மூழ்கும் லூருக்கு புளோரோகார்பன் லீடரும் வேண்டும். புளோரோகார்பனின் அடர்த்தி 1.78, அது தண்ணீரில் இறங்கும். அதைப் பாப்பருக்குக் கட்டினால் மூக்கைக் கீழே இழுத்து, அது துப்ப வேண்டிய நீரைத் துப்பவிடாது. லீடர் ஒரு மீட்டர் என்றால் இரண்டையும் முன்கூட்டியே வெட்டி உறையில் வைத்துக்கொண்டு, லூருக்கு ஏற்ப மாற்றலாம். ஆறு மீட்டரை ஸ்பூலிலிருந்து உருவி மாற்றுபவரை நான் கண்டதில்லை. அதனால்தான் நீண்ட லீடர்க்காரர்கள் எல்லா லூருக்கும் ஒரே நரம்பைக் கட்டிவிட்டு, பாப்பரில் மீன் எடுக்கவில்லை என்கிறார்கள்.

புதுத்தூண்டில்:
நான் இப்போதுதான் தொடங்குகிறேன். பத்து அடிக் கோல், 5000 அளவு ரீல், பிரெய்டு இரண்டாம் எண் நரம்பு வாங்கியிருக்கிறேன். 25 கிராம் மின்னோ ஒன்றும் 30 கிராம் மெட்டல் ஜிக் ஒன்றும் இருக்கின்றன. சீலா வரும் கரை என்கிறார்கள். லீடர் எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒரே வரியில் யாராவது சொல்ல முடியுமா?

நுரைக்கோடு:
சீலாவின் பல்லுக்கு நைலானும் புளோரோகார்பனும் தாங்காது. லூருக்கு முன்னால் 20 அல்லது 30 சென்டிமீட்டர் மெல்லிய எஃகுக் கம்பி கட்டுங்கள்.

நெடுங்கோல்:
கம்பி கட்டினால் மின்னோவின் ஆட்டம் செத்துவிடும். புதியவரைக் குழப்பாதீர்கள். ஆறு மீட்டர் கட்டுங்கள், முடிச்சு ஸ்பூலில் இருக்கட்டும். மீன் கரைக்கு வந்ததும் பின்வாங்கும் அலை அதைக் கடலுக்குள் திரும்ப இழுக்கும்போதுதான் இதன் அருமை விளங்கும். அந்த நேரத்தில் முழங்கால் நீரில் இறங்கி லீடரைக் கையால் பற்றிக்கொண்டு, அடுத்த அலையோடு சேர்த்து மீனை மணலுக்கு ஏற்றலாம். பிரெய்டைக் கையில் பற்றினால் சதை கிழியும். கரைவீச்சு அவர்களின் ஒரு மீட்டர் லீடர் அந்த நேரத்தில் அலைக்கு அப்பால் மீனோடு கிடக்கும்.

கரைவீச்சு:
அலை பின்வாங்கும்போது மீனை இழுப்பதே தவறு. அந்த நேரத்தில் டிராக்கைத் தளர்த்தி நரம்பு கொடுக்க வேண்டும், அடுத்த அலை எழும்போது கோலைப் பின்னால் சாய்த்துக்கொண்டு நடந்தே கரையேற வேண்டும். மீன் அலையோடு தானாக மணலில் வந்து அமரும். நரம்பைக் கையால் தொட வேண்டிய தேவையே எழாது. நரம்பைக் கையால் பற்றி இழுக்கும் பழக்கத்தால் முள் கழன்று எத்தனை பாரை போயிருக்கும் என்பதை நெடுங்கோல் எழுதமாட்டார். புதுத்தூண்டில் அவர்களே, சீலாவுக்கு நுரைக்கோடு சொன்ன கம்பியைக் கட்டுங்கள்; கம்பிக்கும் பிரெய்டுக்கும் இடையில் ஒரு மீட்டர் லீடர், முடிச்சு நுனி வளையத்துக்கு வெளியே.

நெடுங்கோல்:
டிராக்கைத் தளர்த்தினால் தளர்ந்த நரம்பில் முள் கழலாதா? அதற்கு ஒரு வரியும் இல்லை. கோலோடு கரையேறி நடக்க எல்லாக் கரையும் சமதளமாக இருக்கிறதா? செங்குத்தாகச் சரியும் மணலில் பின்னோக்கி நடந்து பார்க்கட்டும். முடிச்சு ஸ்பூலில்தான்.

கரைவீச்சு:
தளர்த்துவது வேறு, நரம்பைத் தொய்யவிடுவது வேறு. டிராக் நரம்பு கொடுக்கும்போதும் கோல் வளைந்தேதான் இருக்கும்; வளைந்த கோலில் முள் கழலாது. சரிவான கரையில் பக்கவாட்டில் நடப்பார்கள். மூன்று மீட்டருக்குக் குறைந்த லீடரின் முடிச்சு எங்கே நிற்கும் என்று கேட்டேன். அதற்கு இதுவரை பதில் வரவில்லை.

நெடுங்கோல்:
மூன்று மீட்டருக்குக் குறையும் வரை வைத்திருப்பவர் யார்? நான்கு வந்ததும் மாற்றிவிடுவேன்.

கரைவீச்சு:
நான்கில் மாற்றுவதானால் வெட்டுவதற்கு இரண்டு மீட்டர்தான் இருக்கிறது. காற்றடிக்கும் கரையில், ஈரக் கையோடு, எஃப்ஜி முடிச்சை எங்கே நின்று கட்டுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள்.