கலைச்சொல்: ட்ரான்ஸ்சைபரிங் – ‘மறைமாற்றம்’ சரிவருமா?

கொக்குவிலிலிருந்து:

வணக்கம். ஒரு முறையில் மறைத்த தரவைத் திறக்காமலே இன்னொரு முறைக்கு மாற்றும் ட்ரான்ஸ்சைபரிங் என்பதற்கு ‘மறைமாற்றம்’ என்று முன்மொழிகிறேன். சொல்லை எடைபோட முதல், அது செய்யும் வேலை இதுதான்.

ஹோமோமோர்பிக் மறைகுறியாக்கத்தில் சேவையகம் தரவைத் திறக்காமலே கூட்டும், பெருக்கும். அதற்கு நாங்கள் கொடுக்கும் விலை பருமன். முழு எண்களை மறைக்கும் பி.எஃப்.வி. என்ற ஹோமோமோர்பிக் முறையில் பல்லுறுப்பியின் படி 8192 என்றால், 128 பிற்றுப் பாதுகாப்புக்கு மட்டெண் (குணகங்களின் எல்லை எண்) 218 பிற்றைத் தாண்டக்கூடாது. ஒரு மறைகுறியில் (மறைத்த தரவில்) அப்படி இரண்டு பல்லுறுப்பிகள். மொத்தம் ஏறத்தாழ 436 கிலோபைற்று. அதற்குள் 17 பிற்று எண்கள் 8192ஐ அடுக்கலாம். நிரம்ப அடுக்கினால் விரிவு 26 மடங்குக்குள் நிற்கும்.

அடுக்குவதற்குத் தரவு இல்லாதபோதுதான் கையைக் கடிக்கும். வலிகாமத்துக் கிணறு ஒன்றில் நைத்திரேற்று உணரி மணிக்கு ஒரு அளவீடு அனுப்புகிறது என்று வையுங்கள். 8192 இடமும் நிரம்ப 341 நாள் செல்லும். காத்திராமல் ஒவ்வொன்றாக அனுப்பினால் நாளுக்கு 10 மெகாபைற்று; உள்ளே இருக்கும் உண்மையான தரவோ, 17 பிற்று வீதம், 51 பைற்று.

மறைமாற்றத்தில், உணரி தன் சமச்சீர்ச் சாவியை (மறைக்கவும் திறக்கவும் உதவும் ஒரே சாவியை) மட்டும் ஒருமுறை ஹோமோமோர்பிக் முறையில் மறைத்து அனுப்பும். அதன்பிறகு ஒவ்வொரு அளவீடும் சாதாரண சமச்சீர் மறைகுறி, 17 பிற்று. சேவையகம் சமச்சீர் மறைநீக்கச் சுற்றை (சேர்க்கிட்டை) அந்த மறைத்த சாவியின் மேலேயே ஓட்டும். விளைவு ஹோமோமோர்பிக் மறைகுறியாகவே வெளிவரும். நேரிக், லௌட்டர், வைகுந்தநாதன் ஆகியோர் 2011இல் சொன்ன வழி இது.

திருநெல்வேலியிலிருந்து:

தம்பி, சொல்லுக்குப் போக முதல் ஒரு குறை. மலிவான வழி முதலில் இருக்கிறது. இரகசியச் சாவியால் மறைத்தால் இரண்டாவது பல்லுறுப்பி வெறும் எழுமாற்று எண்கள்தான். அதற்குப் பதிலாக, அவற்றைத் திரும்ப உருவாக்கும் 32 பைற்று வித்தை அனுப்பினால் போதும், பருமன் பாதியாகும். பொதுச்சாவியால் மறைத்தால் இது வாய்க்காது. கிணற்று உணரிக்குள், முடிவைத் திறக்கும் ஆய்வாளரின் இரகசியச் சாவியை வைக்க யாரும் சம்மதிக்க மாட்டார்கள் என்பதால், உங்கள் உதாரணத்துக்கு மறைமாற்றம்தான் வழி. சரி.

ஆனால் ‘ஒருமுறை’ என்ற சொல்லுக்குள் நிறைய ஒளிந்திருக்கிறது. மறைநீக்கச் சுற்றுக்கே பெருக்கல் ஆழம் (ஒன்றன்மேல் ஒன்றாக வரும் பெருக்கல்களின் எண்ணிக்கை) செலவாகும். அதற்குப் பிறகு உங்கள் கணக்குக்கும் ஆழம் மிஞ்ச வேண்டும். எனவே படி 16384, மட்டெண் 438 பிற்று என்று ஏற வேண்டிவரும். மறைத்த சாவி 1.7 மெகாபைற்று. மறைகுறிக்குள் அடுக்கிய எண்களை இடம் மாற்றும் சுழற்சிச் சாவிகள் அதைவிட மோசம்: 438 பிற்றை 9 முதன்மை எண்களாகப் பிரித்து 64 பிற்றுச் சொற்களில் எழுதினால் ஒரு சாவியே 18 மெகாபைற்று. இவற்றை ஆய்வாளர் தன் கணினியிலிருந்து ஏற்றட்டும், உணரியின் சிம் அட்டையில் ஏற்ற வேண்டாம்.

வழக்கமான சமச்சீர் முறையான ஏ.இ.எஸ். எடுத்தால் இன்னும் ஆழம். பிற்றுப் பிற்றாக எழுதினால் அதன் ஒரு சுற்றுக்கு (ரவுண்டுக்கு) 4, பத்துச் சுற்றுக்கு 40. அதனால்தான் இந்த வேலைக்கென்றே செய்த பாஸ்தா போன்ற சமச்சீர் முறைகள் 3 அல்லது 4 சுற்றோடு நிற்கின்றன. இவை இளசுகள், உடைபடும்: 2022இல் வந்த எலிசபெத்-4 என்ற முறை அடுத்த ஆண்டே உடைந்தது.

இனிச் சொல். ‘சாவிமாற்றம்’ என்று கீ சுவிச்சிங்கை (மறைகுறியை வேறு சாவிக்கு மாற்றுவதை) ஏற்கெனவே சொல்கிறோம். பக்கத்தில் ‘மறைமாற்றம்’ வந்தால் மாணவர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவர். முன்னதில் முறை மாறுவதில்லை, சாவி மட்டும் மாறும். பின்னதில் முறையே மாறுகிறது. ‘மொழிபெயர்ப்பு’ போல ‘மறைபெயர்ப்பு’ என்று வைக்கலாமே?

குருநகரிலிருந்து:

சேர், ‘மறைபெயர்ப்பு’ என்றால் மறைமாவட்டம் வேதாகமத்தைத் திரும்ப மொழிபெயர்க்கிறது என்றுதான் எங்கள் பக்கம் நினைப்பார்கள்! பகிடியை விட்டாலும், வினையாக்கிப் பாருங்கள்: ‘மறைபெயர்’. அது புனைபெயர் போலக் கேட்கும். தனியுரிமைத் துறையில் ஆளின் பெயரை நீக்கி வேறு பெயர் இடுவது தனி நுட்பம். அதோடு குழம்பவே கூடாது.

‘உறைமாற்றம்’ என்றும் யோசித்தேன், கடித உறையை நினைத்து. தரவு எந்த நேரத்திலும் உறையில்லாமல் நிற்காது என்பது அதில் வந்துவிடும். ஆனால் சாதாரண தர விஞ்ஞானத்தில் உறைநிலை படித்த பிள்ளை பனிக்கட்டிக்குப் போய்விடும்.

நுட்பத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். பாஸ்தாவில் சாவியோட்டம் (தரவோடு கூட்டி அதை மறைக்கும் எண் வரிசை) தரவில் தங்குவதில்லை, சாவியிலும் அளவீட்டுக்கு அளவீடு ஏறும் எண்ணியிலும்தான் தங்கும். ஆகவே சேவையகம் அதை முன்கூட்டியே, இரவில், மறைத்த நிலையில் கணித்து வைக்கலாம். பாஸ்தா-3இல் ஒரு தொகுதி 128 எண். மணிக்கு ஒன்றென்றால் ஐந்து நாளுக்கு மேல் காணும். அளவீடு வந்ததும் ஒரு கழித்தல் மட்டும்.

ஆபத்தும் அந்த எண்ணியில்தான். மின்கலம் இறங்கி உணரி மறுதொடக்கமாகி, எண்ணி பூச்சியத்துக்குத் திரும்பினால் அதே சாவியோட்டம் இரண்டு அளவீட்டில் விழும். இரண்டு மறைகுறியையும் கழித்தால் அளவீடுகளின் வித்தியாசம் அப்படியே வெளியே. எண்ணியை ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதிய பிறகே அனுப்ப வேண்டும். எழுத்து அதிகமாகி நினைவகம் தேயும் என்றால் 128ஆல் முன்தள்ளி எழுதி, மறுதொடக்கத்தில் புதிய தொகுதியிலிருந்து தொடங்கலாம்.

கொக்குவிலிலிருந்து:

‘மறைமாற்றம்’ஐ மீளப்பெறுகிறேன். சேர் சொன்ன ‘பெயர்ப்பு’ நல்லது, பிழை ‘மறை’யில்தான். ‘மறைகுறி’ என்ற முழுச்சொல்லை வைத்தால் வேதமும் புனைபெயரும் விலகும்: மறைகுறிப்பெயர்ப்பு. வினை ‘மறைகுறி பெயர்த்தல்’.

திருநெல்வேலியிலிருந்து:

நீளம்தான், ஆனால் வாயில் நிற்கிறது. பதிவுக்கு வரைவிலக்கணம் இப்படிப் போகட்டும்:

மறைகுறிப்பெயர்ப்பு: சமச்சீர் முறையில் மறைத்த தரவை, இடையில் திறக்காமல், ஹோமோமோர்பிக் மறைகுறியாக மாற்றுதல்; சமச்சீர்ச் சாவியின் ஹோமோமோர்பிக் மறைகுறியின் மேல் மறைநீக்கச் சுற்றைக் கணிப்பதால் இது நிகழும்.

குறிப்பில் இரண்டு சேருங்கள். பாஸ்தாவின் முதன்மை எண்ணும் பி.எஃப்.வி.யின் வெற்றுத்தரவு மட்டெண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும் (65537 வழக்கம்). இல்லாவிட்டால் பிழைச்செய்தி ஏதும் வராது, குப்பை எண்தான் வரும். ஒவ்வொரு கணிப்பிலும் மறைகுறிக்குள் வளரும் இரைச்சல் எல்லை தாண்டினாலும் அதே குப்பை. மற்றது, சி.கே.கே.எஸ். போல அண்ணளவாகக் கணிக்கும் முறைக்குப் பாஸ்தா நேரே பொருந்தாது. அதற்கு ஹேரா, ருபாட்டோ என்ற சமச்சீர் முறைகள் இருக்கின்றன.

பருமன் கூடும் அளவுக்கு ‘பெருக்கம்’ வேண்டாம், பெருக்கலோடு மோதும். ‘விரிவு விகிதம்’ என்றே எழுதுங்கள்.