மாத்திரை போட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் கறுப்புத் திட்டு: பேட்ச் நம்பர் இல்லாமல் பதிவு செய்ய முடியுமா?

கும்பகோணத்தான்:

வணக்கம். அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை போட்டுக்கொண்டிருக்கிறார். போன வாரம் கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் வயிற்றுப்போக்கு. தெருமுனை மெடிக்கலில் சொன்னதும் பட்டையிலிருந்து மூன்று மாத்திரை வெட்டிக் கொடுத்தார்கள். சீட்டும் கேட்கவில்லை, பில்லும் தரவில்லை. இரவு ஒன்று போட்டார். விடிவதற்குள் கீழுதட்டின் இடது ஓரத்தில் எரிச்சல். வலது மணிக்கட்டுக்கு மேல் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பாக ஒரு வட்டம். இரண்டு நாளில் அது கருநீலமாகி, இப்போது கறுப்பாக நிற்கிறது. உதட்டில் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து புண்ணாகிவிட்டது.

இது முதல் முறை இல்லை. போன வருஷமும் வயிற்றுப்போக்குக்கு மாத்திரை போட்டபோது அதே உதடு, அதே மணிக்கட்டு. அதற்கும் முன்னால் பல் பிடுங்கிய சமயத்தில் ஒருமுறை. அப்போது காணாக்கடி என்று மந்திரித்து, வேப்பிலை அரைத்துப் போட்டோம். சில மாதங்களில் கறுப்பு மங்கியது, நாங்களும் மறந்துவிட்டோம். "அன்னிக்குப் போட்டது வெள்ளை மாத்திரை, இது ஆரஞ்சு, இது வேறடா" என்கிறார் அம்மா.

மருந்தால் வரும் பக்கவிளைவை அரசாங்கத்திடம் பதிவு செய்யலாம் என்று ஆபீஸில் ஒருவர் சொன்னார். படிவத்தை இறக்கிப் பார்த்தால் பேட்ச் நம்பர், காலாவதி தேதி, கம்பெனி பெயர் என்று கேட்டுக்கொண்டே போகிறது. என்னிடம் இருப்பது பட்டையின் நடுத்துண்டு. அதில் "...க்சசின்" என்று ஒரு வால், "ஆர்னிட..." என்று ஒரு தலை, அவ்வளவுதான். கடையில் கேட்டால், "தம்பி, நீங்க எழுதிப் போட்டா டிரக் இன்ஸ்பெக்டர் எங்களைத்தான் பிடிப்பார்" என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.

பேட்ச் நம்பர் இல்லாமல் அனுப்பினால் குப்பைக்குத்தான் போகுமா? இந்த மாத்திரைதான் காரணம் என்று நான் எப்படி நிரூபிப்பது? டாக்டர் கையெழுத்து வேண்டுமா?

மதுரைச்செவிலி:

படிவம் அப்புறம். மீதி இரண்டு மாத்திரையை அம்மா கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தூக்கிப் போடவும் வேண்டாம், அது தேவைப்படும்.

இப்போது இதற்குப் பதில் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா? கண் சிவந்திருக்கிறதா? வாய்க்குள்ளே புண் பரவுகிறதா? சிறுநீர் போகும்போது எரிகிறதா? புதிதாகத் திட்டுகள் கிளம்புகிறதா, தோல் தொட்டால் வலித்து உரிகிறதா? ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயமுறுத்த எழுதவில்லை. வலிப்புக்குக் கார்பமசெபின் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் இப்படி ஆன ஒருவரை எங்கள் வார்டில் பார்த்திருக்கிறேன். அம்மை போட்டிருக்கிறது என்று வீட்டில் வேப்பிலை கட்டி மூன்று நாள் படுக்க வைத்துவிட்டார்கள். வந்தபோது முதுகுத் தோல் பெட்ஷீட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஸ்டீவன்ஸ் ஜான்சன் என்று பெயர். பிழைத்தார், ஆனால் கண்ணில் பாதிப்பு நின்றுவிட்டது.

கும்பகோணத்தான்:

நன்றி அக்கா. காய்ச்சல் இல்லை, கண் சரியாக இருக்கிறது. அந்த இரண்டு இடம் தவிர வேறெங்கும் இல்லை. காரமாகச் சாப்பிட்டால் மட்டும் உதடு எரிகிறது.

மருந்துச்சீட்டு:

20 வருஷமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவன். உங்கள் துண்டில் இருப்பது ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையாக இருக்கும். பொதுவாக 200 மில்லிகிராமும் 500 மில்லிகிராமும். வயிற்றுப்போக்கு என்று யார் வந்து நின்றாலும் எங்கள் ஆட்கள் கை முதலில் போகும் பெட்டி அதுதான். சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. வெட்கப்பட வேண்டியது நாங்கள்.

நிறத்தை விடுங்கள். ஒரே மருந்தை ஒரு கம்பெனி வெள்ளையில் போடும், இன்னொன்று ஆரஞ்சில் போடும், பிராண்ட் பெயரும் மாறும். பட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்தான் கணக்கு. பல் டாக்டர் எழுதிய பழைய சீட்டு கிடைக்குமா? தேடிப் பாருங்கள், எனக்கு ஒரு சந்தேகம்.

கும்பகோணத்தான்:

பீரோவில் எக்ஸ்ரே கவருக்குள் இருந்தது! அமாக்சிசிலின், மெட்ரோனிடசோல் 400, பாராசிட்டமால்.

மருந்துச்சீட்டு:

நினைத்தேன். மெட்ரோனிடசோலும் ஆர்னிடசோலும் ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி. டினிடசோல், செக்னிடசோலும் அதே வீடுதான். ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாத உடம்பு இன்னொன்றுக்கும் முறுக்கிக்கொள்ளலாம். வாலில் "னிடசோல்" என்று வந்தால் கவனமாக இருங்கள்.

கும்பகோணத்தான்:

ஐயோ, அம்மா தினமும் காலையில் வெறும் வயிற்றில் பேன்டோப்ரசோல் போடுகிறாரே!

மருந்துச்சீட்டு:

அது "ப்ரசோல்". கேஸ் மாத்திரை, வேறு ஊர், வேறு ஜாதகம். அதை நிறுத்திவிடாதீர்கள். பாராசிட்டமால் சமாச்சாரமும் கேட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் சிலருக்கு இப்படித் திட்டு வரும். பல் வலிக்கு அப்புறம் தலைவலி, காய்ச்சலுக்குப் போட்டிருக்கிறாரா?

கும்பகோணத்தான்:

கொரோனா சமயத்தில் பத்து நாள் போட்டார். ஒன்றும் ஆகவில்லை. அமாக்சிசிலினும் போன மார்கழியில் சளிக்குப் போட்டார், ஒன்றும் இல்லை.

ஏடிஆர்மேசை:

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் மருந்தியல் துறையில், இந்தப் படிவங்களை வாங்கிப் பதிவேற்றும் மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். மேலே இரண்டு பேரும் பாதி வேலையை முடித்துவிட்டார்கள்.

உங்கள் விவரிப்பைப் படித்தால் நிலைத்திட்டு ஒவ்வாமை போலத் தெரிகிறது. மருந்து ரத்தத்தில் போய் உடம்பெல்லாம் சுற்றினாலும், முன்பு பாதித்த இடத்தின் தோலில் தங்கிவிட்ட சில வெள்ளணுக்கள் அதை அடையாளம் வைத்திருக்கும். மறுபடி அந்த மருந்து வந்தால் அரை மணியிலிருந்து எட்டு மணி நேரத்துக்குள் அதே இடத்தில் கிளம்பும். உதடு, கை, பிறப்புறுப்பு ஆகியவை வழக்கமான இடங்கள். ஆனால் இதை உறுதி செய்ய வேண்டியவர் தோல் டாக்டர், நான் இல்லை. தயவுசெய்து "பாதி மாத்திரை போட்டுப் பார்த்துவிடலாமா" என்று வீட்டில் சோதனை செய்யாதீர்கள். ஒவ்வொரு முறை போடும்போதும் திட்டுகளின் எண்ணிக்கை கூடலாம்.

இனி உங்கள் கேள்விகள். பேட்ச் நம்பர் இல்லாவிட்டாலும் அனுப்பலாம். ஒரு அறிக்கை செல்லுபடியாக நான்கு விஷயம் போதும்: நோயாளி என்று ஒருவர், என்ன ஆனது என்ற விவரம், சந்தேகப்படும் மருந்தின் பெயர், தகவல் தருபவர் யார் என்பது. மற்றதெல்லாம் இருந்தால் நல்லது. தடுப்பூசி, இன்சுலின் மாதிரி சரக்கென்றால் பேட்ச் நம்பருக்காக நானே உங்களை விரட்டுவேன். ஏனென்றால் அங்கே ஒரு குறிப்பிட்ட லாட்டில் கோளாறா என்று பார்க்க வேண்டியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு மூன்று முறை, வேறு வேறு கடைச் சரக்கில் வந்திருக்கிறது. குறை லாட்டில் இருக்க வாய்ப்பு குறைவு.

நிரூபிப்பது உங்கள் வேலையே இல்லை. சந்தேகம் இருந்தால் போதும். காரணத் தொடர்பை எடை போடுவது எங்கள் வேலை. மருந்துக்கும் விளைவுக்கும் நேரம் பொருந்துகிறதா, நிறுத்தியதும் குறைந்ததா, மறுபடி போட்டதும் வந்ததா, வேறு நோயால் வந்திருக்குமா என்று பார்த்து ஒரு வகையில் சேர்ப்போம். மறுபடி போட்டதும் வந்தது என்பது கனமான சான்று. அதை யாரும் வேண்டுமென்றே செய்து பார்ப்பதில்லை, உங்கள் அம்மாவுக்குத் தெரியாமலே நடந்துவிட்டது.

டாக்டர் கையெழுத்தும் வேண்டாம். பொதுமக்களுக்கென்று தனிப் படிவம் இருக்கிறது, தமிழிலும் உண்டு. நீங்கள் இறக்கியது மருத்துவப் பணியாளர்களுக்கான படிவமாக இருக்கும், அதனால்தான் மலைப்பாக இருக்கிறது. பக்கவிளைவைப் பதிவு செய்வதற்கான கட்டணமில்லா எண் 1800 180 3024. வேலை நாட்களில் காலை 9 மணி முதல் மாலை 5.30 வரை. அவர்களிடம் வாயால் சொன்னாலும் எழுதிக்கொள்வார்கள், பக்கத்தில் எந்தக் கல்லூரியில் மையம் இருக்கிறது என்றும் சொல்வார்கள்.

எங்கள் மேசைக்கு வரும் படிவங்களில் எனக்கு எரிச்சல் மூட்டுவது "அலர்ஜி ஆயிடுச்சு" என்ற ஒற்றை வரி. இப்படி எழுதுங்கள்: "இரவு 9 மணிக்கு ஆஃப்லாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை 1, வயிற்றுப்போக்குக்கு. மறுநாள் அதிகாலை 4 மணிக்கு உதட்டில் எரிச்சல், மணிக்கட்டில் 2 செ.மீ. சிவப்பு வட்டம். மூன்றாம் நாள் கறுத்தது. மாத்திரை நிறுத்தப்பட்டது. இதே இடங்களில் முன்பு இருமுறை, ஒருமுறை மெட்ரோனிடசோலுக்குப் பின்." கீழே சர்க்கரை, பிரஷர், கேஸ் மாத்திரைகளின் பெயர், அளவு, எப்போதிலிருந்து என்பதையும் போடுங்கள். அம்மா பெயர் முழுதாக வேண்டாம், முதலெழுத்து போதும். ஒரு ரூலர் அல்லது நாணயத்தைப் பக்கத்தில் வைத்து எடுத்த போட்டோ இருந்தால் மிக நல்லது.

கடைக்காரரிடம் சொல்லுங்கள்: அறிக்கை கொடுப்பதால் கடையோ, டாக்டரோ, கம்பெனியோ தவறு செய்தார்கள் என்று ஆகாது, அது படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறது. சீட்டில்லாமல் விற்றது தனி விஷயம், அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

எதற்கும்ஒருகேள்வி:

ஒரு உதடு கறுத்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா? நஷ்டஈடு உண்டா? கம்பெனி மேல் கேஸ் போடுவார்களா? ஒன்றும் இல்லையென்றால் எதற்கு எழுதுவது?

ஏடிஆர்மேசை:

நஷ்டஈடு இல்லை, கேஸும் இல்லை. கேட்பது நியாயம்தான், அதனால் நேராகவே சொல்கிறேன்.

மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கும் இந்த அரசுத் திட்டம் 2010 ஜூலையில் டெல்லி எய்ம்ஸில் தொடங்கி, அடுத்த வருஷம் காசியாபாத்தில் இருக்கும் இந்திய மருந்தியல் ஆணையத்துக்கு மாறியது. இங்கிருந்து போகும் அறிக்கைகள் அங்கே சேர்ந்து, பிறகு சுவீடனில் உப்சாலா நகரில் இருக்கும் உலகத் தரவுத்தொகுப்புக்கும் போகின்றன. ஒற்றை அறிக்கை தனியாக ஒன்றும் சொல்லாது. அதே மாதிரி பல ஊர்களிலிருந்து வந்து சேரும்போதுதான் யாராவது நிமிர்ந்து உட்காருவார்கள். 2023 நவம்பரில் மெஃபெனாமிக் ஆசிடுக்கு எச்சரிக்கை வந்தது நினைவிருக்கிறதா? மாதவிடாய் வலிக்கு நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் மாத்திரை. தோல் தடிப்பு, காய்ச்சலோடு ஈரல், சிறுநீரகம் வரை பாதிக்கும் டிரெஸ் என்ற கடுமையான ஒவ்வாமையைக் கவனியுங்கள் என்று ஆணையம் அறிவித்தது. அந்த எச்சரிக்கை இப்படி வந்து சேர்ந்த படிவங்களைப் பார்த்துத்தான் வந்தது.

இந்த வேலை உலகத்தில் தொடங்கிய கதையும் ஒரு கேள்விதான். 1961 டிசம்பரில் மெக்பிரைட் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் லான்செட் என்ற மருத்துவ இதழுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதினார். கர்ப்ப காலத்தில் தாலிடோமைடு என்ற மருந்து சாப்பிட்ட தாய்மார்களுக்குக் கை கால் ஊனத்தோடு குழந்தைகள் பிறக்கின்றன, வாசகர்கள் யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். அவரும் எதையும் நிரூபித்துவிட்டு எழுதவில்லை.

எதற்கும்ஒருகேள்வி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். மெஃபெனாமிக் எங்கள் வீட்டு டப்பாவிலும் இருக்கிறது.

தாம்பரம்வாசி:

இடையில் வருகிறேன். என் மாமனார் மூட்டு வலிக்கு ஒரு லேகியம் சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போனது. நாட்டு மருந்துக்கும் இதெல்லாம் உண்டா? டாக்டர் என்றால் "லேகியத்தை நிறுத்துங்கள்" என்பதோடு முடித்துவிடுகிறார்.

ஏடிஆர்மேசை:

உண்டு. ஆயுஷ் மருந்துகளுக்குத் தனிக் கண்காணிப்பு இருக்கிறது. சித்த மருந்தென்றால் உங்கள் ஊரிலேயே, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அங்கே கேளுங்கள். லேகியத்தின் டப்பாவையும் மிச்சத்தையும் எடுத்துப் போங்கள். லேபிள் இல்லாத டப்பா என்றால் அதையும் சொல்லுங்கள். வலி உடனே குறைகிறது என்று பெயர் வாங்கும் லேகியங்களில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, அதனால் மாமனாருக்குச் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள்.

அப்படியே இன்னொன்று. குளுக்கோமீட்டர், ஊசி, ஸ்டென்ட் மாதிரி கருவிகளில் கோளாறு என்றால் அதற்கும் 2015 முதல் தனித் திட்டம் இருக்கிறது. தடுப்பூசிக்குப் பின் குழந்தைக்கு ஏதாவது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உடனே சொல்லுங்கள்.

கும்பகோணத்தான்:

பத்து நாள் கழித்து வருகிறேன். தோல் டாக்டரிடம் போனோம். நிலைத்திட்டு ஒவ்வாமை என்றுதான் சொன்னார். உதட்டுக்கு ஒரு களிம்பு கொடுத்தார், புண் ஆறிவிட்டது. கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகுமாம். "னிடசோல்" குடும்பத்தைத் தவிர்க்கவும் என்று சீட்டின் தலையில் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார். ஆஃப்லாக்சசினையும் இப்போதைக்கு வேண்டாம் என்றார், இரண்டும் ஒன்றாகப் போனதால் அதன்மேல் சந்தேகம் முழுதாகத் தீரவில்லையாம். அம்மா அந்தச் சீட்டை மடித்து ரேஷன் கார்டு கவருக்குள் வைத்துவிட்டார். அது ஒன்றுதான் எங்கள் வீட்டில் தொலையாத கவர்.

படிவத்தைத் தமிழிலேயே நிரப்பி அனுப்பிவிட்டேன், ஒரு எண் கொடுத்தார்கள். நேற்று அந்த மெடிக்கல்காரர் அவராகவே கூப்பிட்டார். படிவத்தில் அச்சிட்டிருக்கும் வரியைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தேன், அதைப் படித்திருக்கிறார் போல. பெட்டியில் கிடந்த பட்டையின் மீதித் துண்டைக் காட்டினார். பேட்ச் நம்பர், காலாவதி தேதி, கம்பெனி பெயர் எல்லாம் அந்த ஓரத்தில்தான் இருந்தன. இனிமேல் இதற்காக ஒரு புதுப் படிவம் அனுப்ப வேண்டுமா?

ஏடிஆர்மேசை:

புதிதாக வேண்டாம், ஒரே சம்பவம் இரண்டாகப் பதிவாகிவிடும். அந்த எண்ணைச் சொல்லி, கூடுதல் தகவல் என்று இந்த மூன்றையும் கொடுங்கள். புண் ஆறிய தேதியையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், அந்தக் கட்டம் காலியாக இருக்கும்.